வேனுக்குள் ஒரு ஹோட்டல்

"போதும்" என்று சொன்ன பெண்மணியின் தட்டில் நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

அதைக் குழம்பு என்று எழுதினால் எங்கள் ஆசிரியை கோபித்துக்கொள்வார். பிளாக் பெப்பர் சாஸ். இடம், நான் படித்த தொழிற்கல்லூரியின் பயிற்சி உணவகம். வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் மிஸ் லிம் உட்கார்ந்திருந்தார். போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டல் ஒன்றிலிருந்து எங்களைச் சோதிக்க வந்தவர் அவர்.

அவருடைய இடப்பக்கம் நின்று, பாத்திரத்தைத் தாழப் பிடித்து, கரண்டியையும் முள்கரண்டியையும் ஒரே கையில் இடுக்கி, கோழித் துண்டைச் சிந்தாமல் தட்டில் வைத்தேன். அதுவரைக்கும் என்னைக் குறை சொல்ல ஆளில்லை. பிறகு சாஸ் ஊற்றினேன்.

"இனஃப், தேங் யூ," என்றார் மிஸ் லிம்.

நான் சிரித்த முகத்தோடு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

"நோ, நோ, இனஃப்!" என்று அவர் கையைத் தட்டின் குறுக்கே நீட்டினார். அதற்குள் என் கை மூன்றாவது கரண்டியோடு பாதி வழி வந்துவிட்டது. அவருடைய வெளிர்நீலச் சட்டையின் கைமடிப்பில் சாஸ் பெரிய பொட்டு மாதிரி விழுந்தது.

'சாரி' என்ற வார்த்தை எனக்குத் தெரியாதா? எழுதப் படிக்கக் கற்ற நாளிலிருந்து தெரியும். அன்றைக்கு அது வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, இரண்டடி பின்னால் போய், சுவரோரம் நின்றுவிட்டேன். மிஸ் லிம் தானே நாப்கினைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டார்.

மதியம் மதிப்பெண் தாள் வந்தது. கைவேலை நன்றாக இருந்ததாம். அதற்குக் கீழே இரண்டு வரி: 'மாணவி விருந்தினர் சொல்வதைக் கேட்கவில்லை. பேசவும் இல்லை.'

வாளி தூக்கிய கை

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ராசா என்கிற ஊரிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா, எப்பப் பாத்தாலும் சாப்பாட்டப் பத்தியே எழுதுறியே?" என்றார். என்ன செய்வது அக்கா, என் கதை முழுக்கப் பந்தியில்தான் நடக்கிறது. இந்த வாரமும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருவிழா அன்னதானத்தில் பத்து வயதிலிருந்து சாம்பார் வாளி என் கையில்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. வாளி நிறைய இருந்தாலும் தரையில் ஒரு சொட்டு விழாது.

எங்கள் தோட்டத்தில் ஒருவர் முதல் தடவை 'போதும்' என்றால் அது மரியாதைக்குச் சொல்வது. அதை நம்பி அடுத்த இலைக்குப் போகிறவளைப் பெண்கள் சும்மா விட மாட்டார்கள். "என்னாடி இது, மனுசன் வாயத் தொறந்து கேப்பாரா? ஊத்துடி!" என்று சமையல் கொட்டகையிலிருந்து சத்தம் வரும். இரண்டாவது 'போதும்' வந்தாலும் பாதிக் கரண்டி ஊற்ற வேண்டும். இலைமேல் கையைக் கவிழ்த்து மறைத்தால்தான் நிறுத்தலாம். சில மாமாக்கள் விரல் இடுக்கை அகலமாக விட்டுக்கொண்டு மறைப்பார்கள். அவர்களுக்கும் ஒரு கரண்டி உண்டு.

அந்த வாளி தூக்கிய கைதான் மிஸ் லிம்மின் தட்டிலும் வேலை செய்தது. இனஃப் என்றால் என்ன என்று காதுக்குப் புரிந்தது. கை கேட்கவில்லை.

ஓரமாக நிற்பது

சரி, கை செய்த தப்புக்குக் காரணம் சொல்லிவிட்டேன். வாய் ஏன் அடைத்துக்கொண்டது?

எங்கள் தோட்டம் பகாவ், தம்பின் என்கிற இரண்டு ஊர்களுக்கு நடுவே, பெரிய சாலையிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையின் கடைசியில் இருக்கிறது. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா செம்பனை மரங்களுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிற வேலை செய்தார். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்கவைக்கிற பெரட்டில், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பேர் கூப்பிடும்போது "இருக்கேன்யா" என்று சொல்வதோடு சரி, வேலை முடியும்வரை அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை அதிகம் வராது.

மேனேஜரின் ஜீப் எதிரே வந்தால் அம்மா பாதையை விட்டு இறங்கிக் கால்வாய் ஓரம் நின்றுகொள்வார். பாதை லாரி போகிற அகலம். ஜீப்புக்கு இடமில்லாமல் இல்லை. அந்த மேனேஜரும் நல்ல மனிதர், யாரையும் ஒதுங்கச் சொன்னதில்லை. ஒருநாள் கேட்டேன்.

"ஏம்மா எறங்குற?"

"தெரியலடி. கால் தன்னால எறங்குதுலா."

என் நாக்கும் அப்படித்தான். எங்கள் வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் ஆங்கிலத் தேர்வில் தோற்றதில்லை. கடிதம் எழுதச் சொன்னால் எழுதுவோம். ஆனால் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் எதிரே வந்து நின்று ஆங்கிலத்தில் ஒன்று கேட்டால், நாக்கு தன்னால் கால்வாய்க்குள் இறங்கிவிடும். ஆங்கிலம் என்பது தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணியின் ஆபீசுக்குள் இருக்கிற மொழி, அங்கே நாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே எங்களுக்குள் ஏறியிருந்தது. இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும்.

பரிமாறல் பாடம் எடுத்த ஆசிரியை ரொஹானா, மலாயில் சிக்கு ரொஹானா, அன்று என்னைத் தனியே அழைத்தார். நல்லவர். திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. படிப்பு முடியும்போது அந்த ஹோட்டலில் எங்கள் வகுப்பு ஒன்பது பேருக்கும் பயிற்சி உண்டு, ஆனால் உணவுக்கூடத்தில் இரண்டே இடம், மற்றவர்கள் சலவைக்கும் அறை துப்புரவுக்கும் போவார்கள் என்றார். "நீ சலவைப் பிரிவை எழுதிக்கொடு, கலா. படுக்கை விரிப்பு உன்னிடம் ஆங்கிலத்தில் பேசாது," என்று மலாயில் சொல்லித் தோளைத் தட்டினார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவர் சோற்றுப் பானையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உள்ளார துணி தொவைக்கத்தான்னா அதுக்கு எதுக்குடி ரெண்டு வருசம் படிப்பு? ஃபேக்டரி பஸ்சு நம்ம வாசல்லயே வருது. பேசாம அதுல ஏறிடு."

அம்மா சொன்னதில் தப்பில்லை. சலவை வேலையும் கேவலமில்லை, அதைச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு மேசை வேண்டும். மனிதர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில், வெளிச்சத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்த இரண்டு இடம் யாருக்கு என்று முடிவு செய்கிற அடுத்த சோதனைக்கு ஐந்து மாதம் இருந்தது. அதிலும் வாய் திறக்கவில்லை என்றால் ஃபேக்டரி பஸ்தான் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

குறை சொல்லப் பிறந்தவர்

எங்களைக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டவர் சிங்காரம் மாமா. முன்பு செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர், பிறகு ஒரு பழைய வேன் வாங்கினார். அதற்குள் எப்போதும் மல்லிகை வாசனை டப்பாவும் ஈர மழைச்சட்டையும் சேர்ந்து ஒரு மணம் அடிக்கும்.

மாமாவுக்கு எதைப் பார்த்தாலும் குறை. தோசை தடிப்பு, ரோடு மோசம், கோயில் கமிட்டி சரியில்லை, இந்த வருஷத்து ரம்புத்தான் பழத்துக்குப் புளிப்பு அதிகம். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத நாளில் அதையே ஒரு குறையாகச் சொல்வார்.

சாஸ் ஊற்றிய மறுநாள் காலையில் நான் வேனில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் வகுப்புத் தோழி பரமு. நான் வாயில்லாமல் தோற்றதைப் பார்த்தவள். அவளும் அந்தச் சோதனையில் கிணற்றில் போட்ட கல் மாதிரிதான் நின்றாள். முன்னால் மாமா, கல்யாண வீட்டில் தனக்கு ஆறிப்போன காப்பி கொடுத்ததைப் பற்றிப் பத்து நிமிடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். பரமு திடீரென்று முன்னால் எட்டி, "சார், ஐ ஆம் சாரி சார். ஐ வில் பிரிங் ஹாட் காஃபி," என்றாள்.

மாமா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "என்னாது?"

"மாமா, நீங்க ஹோட்டல்ல தங்க வந்த ஆளு. நாங்க வேல செய்றவங்க. நீங்க தமிழ்லயே கம்ப்ளேன் பண்ணுங்க, நாங்க இங்கிலீஷ்ல பதில் சொல்றோம்," என்றாள் பரமு.

"நா ஹோட்டல்லயே தங்குனதில்லையே."

"கொற சொல்லத் தெரியும்ல?"

"அது தெரியும்," என்றார் மாமா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆலை வருவதற்குள்

கோயில் வளைவைத் தாண்டியதும் ஹோட்டல் திறந்துவிடும். பின்னிருக்கைகளில் மற்ற வகுப்புப் பிள்ளைகள் காதை மூடிக்கொள்வார்கள்.

"ஏம்மா, தலகாணி ரெண்டு கேட்டேன், ஒண்ணுதான் இருக்கு. என் பொண்டாட்டி என்ன கைய மடிச்சு வச்சுப் படுப்பாளா?"

"சாரி சார், ஐ வில் செண்ட் ஒன் மோர் பில்லோ."

"எப்ப?"

"நௌ, சார்."

"நேத்தும் இதத்தான் சொன்ன! எனக்கு மேனேஜரப் பாக்கணும். மேனேஜரக் கூப்பிடு!"

எந்தக் குறையும் கடைசியில் மேனேஜரில்தான் போய் முடியும். ஒருநாள் பரமு, "மேனேஜர் இஸ் ஆல்ஸோ ஸ்லீப்பிங், சார்," என்று சொல்லிவிட்டாள். மாமா வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு மட்டும் இல்லை, தண்டனையும் உண்டு. பாதி வழியில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. மழை பெய்து ஓய்ந்த காலையில் அதன் கழிவுக் குட்டைப் பக்கம் போனால் குடலைப் பிடுங்கும். ஆலையின் புகைக்கூண்டு கண்ணில் படுவதற்குள் நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மாமா எல்லா ஜன்னல் கண்ணாடிகளையும் இறக்கிவிடுவார். முதல் இரண்டு வாரம் வேனில் இருந்த எல்லாரும் எங்களால் அந்த நாற்றத்தைச் சுவாசித்தார்கள். அதற்குப் பிறகு பின்னிருக்கையே எங்களுக்குப் பதில் எடுத்துக்கொடுக்கத் தொடங்கியது.

மாமாவுக்கு எங்கள் ஆங்கிலம் சரியா தப்பா என்று தெரியாது. அதுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: கேட்டதும் பதில் வர வேண்டும், கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தலையைக் குனிந்தால் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். "கீழ என்ன தேடுற? நா இங்க இருக்கேன்லா!"

மூன்றாவது மாதத்தில் ஒருநாள் பகாவ் சந்தையில் ஒரு வெள்ளைக்காரர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். நான் வழி சொல்லிவிட்டு நடந்து வந்து, மீன் கடை வரைக்கும் வந்த பிறகுதான் ஆங்கிலத்தில் பேசினோம் என்று உறைத்தது. நாக்கு இறங்கவே இல்லை. அங்கேயே, அத்தனை மீன் நாற்றத்தில், எனக்கு அழுகை வந்தது.

மறுபடியும் அதே மேசை

ஐந்தாம் மாதம் மிஸ் லிம் வந்தார். இந்தத் தடவை கூடவே தடித்த குரலில் ஒருவர், அவரும் அந்த ஹோட்டல்காரர். அவருடைய வேலை கோபக்கார விருந்தாளி மாதிரிச் சத்தம் போடுவது.

ஒன்பது பேரில் நான் கடைசி. கதவுக்குப் பின்னால் நின்று மற்றவர்களைப் பார்த்தேன். அவர் மேசையைத் தட்டியதும் இரண்டு பேர் அழுதார்கள். பரமு மட்டும் நிமிர்ந்து நின்று பதில் சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் என் காதில், "சிங்காரம் மாமாவுக்கு முன்னால இவரு கொழந்தடி," என்றாள்.

என் முறை வந்தது. சூப்பை வைத்தேன். தடித்த குரல்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைப் போட்டார். சூப் ஆறிவிட்டதாம், இருபது நிமிடம் காத்திருந்தாராம், இது என்ன ஹோட்டலா என்றார்.

எனக்குக் கண்முன்னால் ஆலையின் புகைக்கூண்டு தெரிந்தது.

"ஐ ஆம் வெரி சாரி, சார். ஐ டேக் திஸ், ஐ பிரிங் ஹாட் ஒன்," என்றேன், அவர் கண்ணைப் பார்த்து.

"கால் தி மேனேஜர்!"

"யெஸ் சார், ஐ கால். பட் பிஃபோர் தி மேனேஜர் கம், யுவர் ஹாட் சூப் வில் கம்."

இலக்கணத்தைச் சிக்கு ரொஹானா சகித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். சூடாகச் சூப் வந்தது, அவர் குடித்தார்.

அடுத்து கோழி. அதே பிளாக் பெப்பர் சாஸ். மிஸ் லிம்மின் இடப்பக்கம் நின்று ஒரு கரண்டி ஊற்றினேன்.

"இனஃப், தேங் யூ."

என் கை தன்னால் பாத்திரத்துக்குள் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், ஐந்து மாதம் வாய்க்குத்தான் பயிற்சி கொடுத்தேன், கை பழைய கைதான். கரண்டி நிறைந்து மேலே வந்தது. சிக்கு ரொஹானா நெஞ்சில் கை வைப்பது தெரிந்தது. கரண்டியை அப்படியே நிறுத்தினேன். பேசாமல் திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மற்ற எட்டுப் பேரும் ஒரு கரண்டியோடு பேசாமல்தான் போனார்கள்.

நான் பேசினேன். ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் தருகிறேன், தப்புகளை மறைக்க அது வசதி. "மேடம், எங்கள் தோட்டத்தில் முதல் தடவை போதும் என்று சொன்னால் அது மரியாதைக்கு. வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. போன தடவை நான் உங்களைக் கேட்காமல் ஊற்றிவிட்டேன், அது தப்பு. அதற்கு இன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தத் தடவை கேட்டுவிட்டு ஊற்றுகிறேன்."

கடைசி வார்த்தையை மட்டும் சொன்னபடியே தருகிறேன்.

"ரியலி இனஃப், மேடம்?"

மிஸ் லிம் தன் சட்டைக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உணவகம் முழுக்கக் கேட்கச் சிரித்தார். "நாட் இனஃப்!" என்றார். காலையிலிருந்து எட்டுப் பேர் ஒரு கரண்டியோடு பாத்திரத்தை எடுத்துப் போய்விட்டார்களாம், சோதிக்க வந்தவர் பசியோடு உட்கார்ந்திருக்கிறாராம். "ஒன் மோர் ஸ்பூன், ப்ளீஸ்."

ஊற்றினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அன்று மதியமே பேர் படித்தார்கள். உணவுக்கூடத்துக்கு இரண்டு பேர்: பரமேஸ்வரி, கலாவதி. இரண்டும் ஒரே வேனிலிருந்து. திரும்பும் வழியில் ஆலை வந்ததும் சிங்காரம் மாமா எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினார். "நல்லா மோந்துக்குங்கடி, போர்ட்டிக்சன்ல இதெல்லாம் கெடைக்காது!" என்று கத்தினார். வேனே கத்தியது.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஃபேக்டரி பஸ்ஸைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை. "அந்தம்மாகிட்ட என்னா கேட்ட? திருப்பிச் சொல்லு," என்று மூன்று தடவை கேட்டார். மறுநாள் காலை என் தட்டில் இட்டிலி வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, மெல்லக் கேட்டார். "ரியலி இனஃப்?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

ஜன்னலோர மேசை

பயிற்சி முடிந்து, பல வருடம் அதே ஹோட்டலில் சலவைப் பிரிவு, அறைகள், வரவேற்பு என்று எல்லாம் சுற்றி, இப்போது உணவுக்கூடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் எல்லாரையும் நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவதை மற்றவர்கள் பிரீஃபிங் என்கிறார்கள். எனக்கு அது பெரட்டு. புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கேட்காமல் ஊற்றாதே, ஒரே தடவை கேட்டுவிட்டுப் போகாதே.

சமீபத்தில் ஒருநாள் அம்மாவையும் சிங்காரம் மாமாவையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். மாமாதான் வேனில் கூட்டிவந்தார். வாசலில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பெட்டிகளோடு எதிரே வர, அம்மா சட்டென்று ஒதுங்கிச் சுவரோரம் நின்றுவிட்டார். அவர் கையைப் பிடித்து, கடல் தெரிகிற ஜன்னலோர மேசையில் உட்காரவைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

பரிமாறியது ஒரு மலாய்ப் பெண், வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு அது என் அம்மா என்று தெரியாது. மீனை வைத்து, குழம்பை ஊற்றினாள். அம்மா தலையைக் குனிந்தபடி கையை லேசாக உயர்த்திப் போதும் என்று காட்டினார்.

அந்தப் பெண் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ரியலி இனஃப், மேடம்?"

அம்மா நிமிர்ந்தார். அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நாட் இனஃப்," என்றார். "ஒன் மோர் ஸ்பூன், ப்ளீஸ்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சிங்காரம் மாமா மேசையைத் தட்டினார்.

"ஏம்மா, அவங்கள மட்டும் கேட்டுக் கேட்டு ஊத்துற, என்னைய ஒரு தடவகூடக் கேக்கலையே! என்னா ஹோட்டலுலா இது? மேனேஜரக் கூப்பிடு!"

நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நடந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஐ ஆம் தி மேனேஜர், சார்."